ஒப்பந்தச் செய்தியில் வினைச்சொல்லைப் பிடிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

வட ஆற்காடு மாவட்டமே ஓர் ஒப்பந்தத்தில் பிறந்ததுதான். 1801 ஜூலை 31 அன்று நவாப் அசீம் உத் தௌலாவுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இடையே கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் நம் பக்கமெல்லாம் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் போனது. அந்த ஒப்பந்தத்தின் தலைப்பைப் படித்தால் ஏதோ வீட்டுப் பாகப்பிரிவினை போலத் தெரியும். ஆற்காட்டு சுபேதாரியின் (ஆளுநர் பதவியின்) வாரிசுரிமையைத் தீர்த்துவைக்கவும், சிவில், ராணுவ நிர்வாகத்தைக் கம்பெனியிடம் அமர்த்தவும் செய்துகொண்டதாம். நடந்தது வேறு. இரண்டு வாரம் முன்பு முந்தைய நவாப் உம்தத் உல் உமரா இறந்திருந்தார். அவர் மகன் அலி உசேன் கம்பெனியின் நிபந்தனைகளுக்கு இணங்கவில்லை. இணங்கிய உறவினரை நவாப் ஆக்கி, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கை அவருக்கு ஒதுக்கிவிட்டு, மற்றதைக் கம்பெனி எடுத்துக்கொண்டது.

இதே சம்பவத்தை ஒரு புத்தகம் "நிர்வாகத்தை ஒப்படைத்தார்" என்கிறது, இன்னொன்று "இணைத்துக்கொண்டது" என்கிறது, மேடையில் ஒருவர் "பறித்தார்கள்" என்பார். தேதி, ஆள், இடம் எல்லாம் ஒன்றுதான். வினை மட்டும் மாறுகிறது.

பக்கச்சார்பு என்றதும் நாம் பெயரடைகளைத் தேடப் போய்விடுகிறோம். "துரோக ஒப்பந்தம்", "வரலாற்றுச் சிறப்புமிக்க உடன்பாடு" போன்றவற்றைக் கண்டால் சின்னப் பிள்ளைகூட உஷாராகிவிடும். வினைச்சொல் அப்படியில்லை. அது செய்தியாகவே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். குரூப் 1 தேர்வும் யு.பி.எஸ்.சி.யும் எழுதும் சிலரோடு வேலூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து நாளிதழ் படிக்கிறேன். அங்கே பென்சில் வைத்துக்கொண்டு செய்கிற வேலையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். தேர்வு எழுதாதவர்களுக்கும் பயன்படும், முக்கியமாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு.

படி 1: கட்டுரையை ஓரம் வைத்துவிட்டு ஒப்பந்தத்தைத் திறங்கள்

இந்தியா செய்த ஒப்பந்தங்களின் தரவுத்தளம் வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. ஐ.நா. சாசனத்தின் 102ஆம் பிரிவுப்படி உறுப்பு நாடுகள் தங்கள் ஒப்பந்தங்களை ஐ.நா. செயலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தொகுப்பையும் இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பல ஒப்பந்தங்கள் சில பக்கங்கள்தான் இருக்கும். அதைப் பற்றி எழுதப்பட்ட தலையங்கங்களைப் படிக்கும் நேரத்தில் மூலத்தையே இரண்டு முறை படித்துவிடலாம்.

முதலில் தலைப்பு. கச்சத்தீவு ஒப்பந்தம் என்று நாம் சொல்வதன் அதிகாரபூர்வப் பெயரில் கச்சத்தீவு என்ற சொல்லே கிடையாது. "வரலாற்று நீர்ப்பரப்பில் இரு நாடுகளுக்கிடையேயான எல்லை, அது தொடர்பான விஷயங்கள்" என்பதுதான் பெயர். வட அயர்லாந்தில் 1998 ஏப்ரல் 10 அன்று ஏற்பட்ட சமாதான உடன்பாட்டுக்கு இரண்டு பெயர். அயர்லாந்தோடு இணைய விரும்புபவர்கள் புனித வெள்ளி ஒப்பந்தம் என்பார்கள். பிரிட்டனோடு இருக்க விரும்புபவர்களில் பலர் பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தம் என்றுதான் சொல்வார்கள். பேசுபவர் எந்தப் பக்கம் என்பது பெயரைச் சொல்லும்போதே பாதி தெரிந்துவிடும்.

ஒப்பந்தம், உடன்படிக்கை, உடன்பாடு, சாசனம் என்ற சொற்களில் எது பெரியது, எது சின்னது என்று குழம்ப வேண்டாம். ஒப்பந்தங்கள் குறித்த 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை, பெயர் எதுவானாலும் எழுத்தில் இருந்து, சர்வதேசச் சட்டத்துக்கு உட்பட்டு நாடுகள் செய்துகொண்டால் அது ஒப்பந்தம்தான் என்கிறது. கட்டுப்படுத்துமா என்பதை உள்ளே இருக்கும் வாசகங்களில்தான் பார்க்க வேண்டும்.

படி 2: வினைகளை வட்டமிடுங்கள்

ஒரு செய்தியை எடுத்து, ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லும் எல்லா வினைகளையும் பென்சிலால் வட்டமிடுங்கள். அப்புறம் மூலத்தைத் திறந்து அதே இடத்தில் என்ன வினை இருக்கிறது என்று பாருங்கள். பயிற்சிக்குக் கச்சத்தீவைவிட நல்ல பாடம் தமிழில் கிடையாது. கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

தமிழ்நாட்டில் இதற்கு வழக்கமான வினை "தாரைவார்த்தது". இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று தீர்ப்புகள் இருக்கின்றன. பொருள் நம்முடையது, நாமாகவே கொடுத்தோம், இனி திரும்பக் கேட்க முடியாது. கல்யாணத்தில் பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த மூன்றும் விளக்காமலே புரியும். "விட்டுக்கொடுத்தது" என்றால் முதல் இரண்டும் வரும், மூன்றாவது கொஞ்சம் தளரும். "ஒப்படைத்தது" என்று சொன்னால் பொருள் அவர்களுடையதாகவும் இருந்திருக்கலாம் என்ற சாயல் வந்துவிடுகிறது.

மூலத்தில் என்ன இருக்கிறது? 1974 ஜூன் 26, 28 தேதிகளில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் கொடுத்தல், பெறுதல் என்ற வினையே இல்லை. பாக் நீரிணை வழியாக ஒரு கோடு வரையப்படுகிறது. கோட்டின் தன் பக்கத்தில் உள்ள நீர், தீவு, கடலடி எல்லாவற்றின் மீதும் அந்தந்த நாட்டுக்கு இறையாண்மை உண்டு என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. சுமார் 285 ஏக்கர் கொண்ட தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்கிறது 5ஆம் பிரிவு.

"எல்லை வகுத்தது" என்று மத்திய அரசு சொல்வதும், "கொடுத்தது" என்று தமிழ்நாட்டில் சொல்வதும் வெறும் மனத்தாங்கல் வித்தியாசம் அல்ல. அதன் பின்னால் அரசியல் சட்டம் நிற்கிறது. பெருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960இல் சொன்ன கருத்தின்படி, இந்திய நிலப்பரப்பை வேறு நாட்டுக்குக் கொடுப்பதென்றால் அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும். எல்லை எது என்று தெளிவில்லாத இடத்தில் கோடு போடுவதற்கு அது வேண்டியதில்லை. வங்கதேசத்தோடு நிலத்துண்டுகளை மாற்றிக்கொண்டபோது 2015இல் 100ஆவது திருத்தம் செய்தார்கள். 111 இந்தியத் துண்டுகள் அங்கே போயின, 51 துண்டுகள் இங்கே வந்தன. கச்சத்தீவுக்கு அப்படி எந்தத் திருத்தமும் இல்லை. 2008இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது வாதத்தின் ஆணிவேரே இதுதான். ஆக, "கொடுத்தது" என்று எழுதும் நிருபர் தெரிந்தோ தெரியாமலோ அந்த வழக்கில் ஒரு பக்கத்துக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறார். "எல்லையை மட்டுமே வகுத்தது" என்று எழுதுபவர் மற்ற பக்கத்துக்கு எழுதுகிறார்.

இன்னொரு வினையும் இருக்கிறது: "பறிபோனது". 1974இல் மீன்பிடி உரிமை பறிபோனது என்று சரளமாக எழுதுகிறார்கள். 5ஆம் பிரிவில் உள்ளது வந்துபோகும் உரிமை. மீன் பிடிக்கலாம் என்றோ கூடாது என்றோ அங்கே வெளிப்படையாக இல்லை. இரு நாட்டுப் படகுகளும் மற்ற நாட்டு நீரில் வழக்கமாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்று 6ஆம் பிரிவில் இருக்கிறது. அதில் மீன்பிடிப்பு அடங்குமா என்பதில்தான் சண்டை. ஒரு நாட்டின் மீனவர்கள் மற்ற நாட்டு நீரில் அனுமதியின்றி மீன் பிடிக்கக் கூடாது என்ற தெளிவான வாசகம் 1976 மார்ச்சில் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் வருகிறது. இரண்டு ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு காரியங்களை ஒரே "பறிபோனது" விழுங்கிவிடுகிறது.

மேடையில் பேசுபவர் "தாரைவார்த்தார்கள்" என்று சொல்வதை நான் குறை சொல்லமாட்டேன். அது அவர் கட்சி, அவர் வழக்கு. செய்தியில் அந்தச் சொல் வந்தால் மேற்கோள் குறிக்குள், சொன்னவர் பெயரோடு வர வேண்டும். அவ்வளவுதான்.

படி 3: துணைவினையில் ஒளிந்திருக்கும் கருத்தைத் தேடுங்கள்

இது தமிழுக்கே உரிய வேலை. ஆங்கிலச் செய்தியைப் படிக்கக் கற்றுத்தரும் கையேடுகளில் இது இருக்காது. நம் மொழியில் முதன்மை வினை நடுநிலையாக இருந்தாலும் பின்னால் ஒட்டும் துணைவினை கட்சி மாறிவிடும்.

"இந்தியா கையெழுத்திட்டது." இது தகவல். "கையெழுத்திட்டுவிட்டது" என்றால் ஐயோ, நடந்துவிட்டதே என்ற ஆற்றாமை. "கையெழுத்திட்டுக் கொடுத்தது" என்றால் எதிர்ப்பக்கத்துக்கு வேண்டியதைச் செய்து முடித்தது என்ற குத்தல். "கையெழுத்திட நேர்ந்தது" என்பது நெருக்கடி. "கையெழுத்திட வைத்தது" என்றால் வேறு யாரோ ஆட்டிவைத்தார்கள். "கையெழுத்திட முன்வந்தது" என்றால் பெருந்தன்மை. ஆறு வாக்கியத்துக்கும் ஒரே புகைப்படத்தைப் போடலாம்.

கூடவே சின்னச் சின்ன ஒட்டுகள். "ஒப்பந்தமாம்" என்று ஓர் ஆம் சேர்ந்தால் நக்கல். "கூட" சேர்ந்தால் வியப்பு. "இலங்கைகூட ஒப்புக்கொண்டது" என்பவர் இலங்கை சாதாரணமாக ஒப்புக்கொள்ளாது என்று முன்கூட்டியே முடிவுகட்டியிருக்கிறார். "வெறும்", "மட்டுமே", "தான்" எல்லாம் இதே ரகம்.

அடுத்தது தன்வினையும் பிறவினையும். பள்ளிக்கூடத்தில் "உருண்டான், உருட்டினான்" என்று மனப்பாடம் செய்தோமே, அதன் நிஜமான பயன் இங்கேதான். இதைப் புரிந்துகொள்ள வேலூர்க்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் வரை போனால் போதும். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சமாதி அது. இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டு வேலூர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்த அவர், 1832இல் இங்கேயே இறந்தார்.

அவரைச் சிறைக்கு அனுப்பிய ஆவணம் 1815 மார்ச் 2ஆம் தேதி கண்டி ஒப்பந்தம். ஆளுநர் பிரௌன்ரிக்குக்கும் கண்டிப் பிரதானிகளுக்கும் இடையே செய்யப்பட்டது. மன்னர் அதில் ஒரு தரப்பே இல்லை. பிப்ரவரி 18 அன்றே அவர் பிடிபட்டுவிட்டார். ஒப்பந்தத்தில் அவருடைய பதவியைப் பற்றி வரும் வினை என்ன தெரியுமா? அரசனுக்குரிய கடமைகளை இடைவிடாமல் மீறியதால் அந்தப் பட்டத்துக்கான உரிமைகளை அவர் "இழந்துவிட்டார்" என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். பிடித்தது, இறக்கியது, கப்பலேற்றியது எல்லாம் கம்பீரமான பிறவினைகள். ஆவணத்தில் அவை ஒரு தன்வினையாகச் சுருங்கிவிட்டன. அவராகவே இழந்தார்! பிறகு கண்டி நாட்டின் ஆட்சியுரிமை பிரிட்டிஷ் மன்னரிடம் "அமைந்தது". அமைத்தது யார் என்ற கேள்விக்கு இடமே வைக்கவில்லை.

அதே ஆவணத்தின் முதல் பிரிவு அவரை "மலபார் ஆட்சியாளர்" என்கிறது. அக்காலத்தில் ஐரோப்பியர்கள் தமிழர்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொல் அது. பெயரைச் சொல்வதற்கு முன்பே அவரை வெளியாளாக்கிவிட்டார்கள். வெளியேற்றப்பட்டவர்களைச் சொல்லும் இடத்திலும் அதே சொல்தான் வருகிறது. 5ஆம் பிரிவு பௌத்த மதத்தை மீறக் கூடாதது என்று அறிவிக்கிறது. ஆவணத்தில் ஒருவருக்குச் சாபமும் இன்னொருவருக்கு வரமும் எப்படி அடுத்தடுத்த பிரிவுகளில் வருகின்றன என்று பார்க்க விரும்புபவர்கள் இதை ஒரு முறை முழுதாகப் படியுங்கள், மொத்தமே பன்னிரண்டு பிரிவுகள்தான்.

இன்றைய செய்திக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம்: "இழந்தது", "போனது", "முறிந்தது", "ஏற்பட்டது", "நீடித்தது" எங்கே வந்தாலும் அருகில் பிறவினையை எழுதிப்பாருங்கள். பேச்சுவார்த்தை "முறிந்தது" என்றால், யார் முறித்தார்கள்? பதில் செய்தியில் இருந்தால் நல்ல செய்தி. இல்லையென்றால் நிருபருக்குத் தெரியவில்லை, அல்லது சொல்ல மனமில்லை.

படி 4: ஒப்பந்தம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

இதைத் தேர்வு எழுதுபவர்களைவிட ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். பேச்சு முடிந்தது, கையெழுத்தானது, நாடாளுமன்றமோ அமைச்சரவையோ ஒப்புதல் தந்தது, நடைமுறைக்கு வந்தது என்று நான்கு கட்டம். நான்குக்கும் நம் ஊடகங்களில் ஒரே தலைப்பு: "ஒப்பந்தம் நிறைவேறியது".

பிரிட்டனோடு இந்தியா செய்த வர்த்தக ஒப்பந்தத்தின் பேச்சு முடிந்ததாக 2025 மே 6 அன்று அறிவித்தார்கள். கையெழுத்து ஜூலை 24 அன்று. கையெழுத்தான மறுநாள் ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி அலுவலகத்தில் இருந்தேன். மெர்ச்சண்டைசர் ஒருவர் லண்டன் வாடிக்கையாளருக்கு விலைப்பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். முதலாளியின் தம்பி கையில் பேப்பரோடு வந்து, "வரி போயிடுச்சுப்பா, பேப்பர்லயே போட்டிருக்கான்" என்றார். மெர்ச்சண்டைசர் நிமிராமலே, "போயிடுச்சா, போகுமா சார்? தேதி போட்டிருக்கானா?" என்று கேட்டார். பேப்பரில் தேதி இல்லை. பழைய வரியோடுதான் விலை போனது. சரியான கேள்வி. வரி "நீங்கியது" என்று எழுதியதற்கும் "நீங்கும்" என்று எழுத வேண்டியதற்கும் நடுவில் ஒரு சீசன் ஆர்டரே இருக்கிறது.

இடைவெளி எவ்வளவு என்பதற்குக் கணக்கு கிடையாது. ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 பிப்ரவரி 18 அன்று கையெழுத்தானது மே 1 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 2 அன்று ஆஸ்திரேலியாவோடு கையெழுத்தானது டிசம்பர் 29 வரை காத்திருந்தது. அணுகுண்டு சோதனைகளை முழுமையாகத் தடைசெய்யும் ஒப்பந்தத்தில் அமெரிக்கா 1996இலேயே கையெழுத்திட்டது. 1999இல் அந்நாட்டு செனட் அதை நிராகரித்தது. இன்னும் அது நடைமுறைக்கு வரவில்லை.

கையெழுத்தே இல்லாத பிரபல ஒப்பந்தமும் உண்டு. 2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் முடிந்த ஈரான் அணுசக்தி உடன்பாட்டில் யாரும் கையெழுத்திடவில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையே அது ஒப்பந்தமோ கையெழுத்திட்ட ஆவணமோ அல்ல என்று எழுத்தில் சொன்னது. "கையெழுத்தானது" என்று பழக்கதோஷத்தில் எழுதியவர்களுக்கு, 2018 மே 8 அன்று டிரம்ப் அதிலிருந்து விலகியது அவ்வளவு சுலபமாக எப்படி முடிந்தது என்பதை விளக்குவது கஷ்டம்.

இன்னொரு சின்ன விஷயம். "தடையற்ற வர்த்தக ஒப்பந்தம்" என்ற பெயரை நம்பிவிடாதீர்கள். பின்னிணைப்பில் விலக்குப் பட்டியல் இருக்கும், எந்தப் பொருளுக்கு எத்தனை ஆண்டில் வரி குறையும் என்ற அட்டவணை இருக்கும், பொருள் எங்கே உற்பத்தியானது என்று காட்டும் சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின் விதிகளும் இருக்கும்.

படி 5: வெளியேறும் வினைகள்

ரத்து, நிறுத்திவைப்பு, விலகல், மீறல், காலாவதி. ஐந்தும் வேறு வேறு. 2025 ஏப்ரல் 23 அன்று, பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், சிந்து நதிநீர் ஒப்பந்தம் உடனடியாக நிறுத்திவைக்கப்படும் என்று இந்தியா அறிவித்தது. எல்லை தாண்டிய பயங்கரவாதத்துக்கு அளிக்கும் ஆதரவைப் பாகிஸ்தான் நம்பத்தகுந்த முறையில் கைவிடும்வரை என்பது நிபந்தனை. "சிந்து ஒப்பந்தம் ரத்து" என்பதுதான் நம் வாட்ஸ்அப்பில் வந்தது. 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவு, இரு அரசுகளும் செய்து உறுதிப்படுத்தும் இன்னொரு ஒப்பந்தத்தால்தான் இதை முடிவுக்குக் கொண்டுவரலாம் என்கிறது. இந்தியா தேர்ந்தெடுத்த சொல்லில் திரும்பிவர ஒரு கதவு இருக்கிறது. "ரத்து" அதைச் சாத்திவிடுகிறது. பாகிஸ்தான் தரப்புக்கு "மீறல்". மூன்றில் எது சரி என்று தீர்ப்பளிப்பது உங்கள் வேலை இல்லை. எது யாருடைய சொல் என்று குறித்துவைப்பதே வேலை.

படி 6: எழுவாய் எங்கே?

2025 மே 10 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டையை நிறுத்தின. டிரம்ப் அதைத் தன் மத்தியஸ்தத்தில் வந்த முழுமையான, உடனடிப் போர்நிறுத்தம் என்று அறிவித்தார். சற்று நேரத்தில் இந்திய வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி பேசினார். பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைப் பிரிவுத் தலைவர் பிற்பகல் 3.35க்கு அதே பதவியில் இருக்கும் இந்திய அதிகாரிக்குப் போன் செய்தார், மாலை 5 மணி முதல் தரை, வான், கடல் மூன்றிலும் தாக்குதலை நிறுத்த இரு தரப்பும் ஒப்புக்கொண்டன என்றார். அவர் வாக்கியத்தில் எழுவாய் தெளிவு. போன் செய்தவர் யார் என்பதும் எத்தனை மணிக்கு என்பதும் இருக்கிறது. மத்தியஸ்தர் மட்டும் இல்லை.

இது தற்செயல் அல்ல. பிரச்சினைகளை இரு நாடுகளும் நேரடியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளும் என்று 1972 சிம்லா ஒப்பந்தத்தில் இருக்கிறது. அன்றிலிருந்து மத்தியஸ்தம் என்ற சொல்லையே டெல்லி தொடுவதில்லை. ஆகவே "போர்நிறுத்தம் ஏற்படுத்தப்பட்டது" என்று ஒரு செயப்பாட்டுவினையைப் படித்தால், யாரால் என்ற வெற்றிடத்தில் ஒரு பெரிய தகராறு இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

படி 7: ஒப்பந்தமே வேண்டுமென்று மழுப்பியிருக்கும் இடங்கள்

இதுவரை செய்தியாளர்களைத்தான் உருட்டினோம். சில நேரம் மூலமே இரு பக்கமும் படிக்கும்படி எழுதப்பட்டிருக்கும். அதைத் தெளிவாக்கி எழுதுவதும் பக்கச்சார்புதான்.

இலங்கை இனப்பிரச்சினை பற்றி 1985இல் பூட்டானின் திம்புவில் நடந்த பேச்சில் இலங்கைத் தமிழர் தரப்பு கேட்டவற்றுள் ஒன்று, தாயகத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் தாயகம் என்ற சொல் இல்லை. வடக்கும் கிழக்கும் தமிழ் பேசும் மக்கள் வரலாற்று ரீதியாக வாழ்ந்துவந்த பகுதிகள் என்று இருக்கிறது. உடனே அதே மூச்சில், மற்ற இனத்தவரோடு சேர்ந்து வாழ்ந்த நிலப்பரப்பு என்றும் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் எடுத்து "தாயகத்தை ஏற்றது" என்று ஒருவர் எழுதலாம். பின்பாதியை மட்டும் எடுத்து "தாயகத்தை மறுத்தது" என்று இன்னொருவர் எழுதலாம். இரண்டு பாதியையும் போடுங்கள், வாக்கியம் நீளமானாலும் பரவாயில்லை.

அதே ஒப்பந்தத்தின் இணைப்பில், தேவைப்பட்டால் இந்திய அமைதிகாப்புப் படையை இலங்கை அதிபர் "அழைக்கலாம்" என்று வருகிறது. பிறகு வந்த நாற்பது ஆண்டுப் பேச்சில் அந்த வினை "அனுப்பியது", "வந்து இறங்கியது", "ஆக்கிரமித்தது" என்றெல்லாம் மாறிவிட்டது. அந்தப் படை அங்கே நடந்துகொண்டதை எடைபோட வேறு ஆதாரங்கள் வேண்டும். உள்ளே போன வழிக்கு ஒப்பந்தம் சொல்லும் சொல் "அழைக்கலாம்" என்பது மட்டும்தான்.

கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் 2021 நவம்பர் 13 அன்று, கடைசி நேரத்தில், நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாக "ஒழிப்பது" என்று இருந்ததை "குறைப்பது" என்று மாற்றக் கேட்டது இந்தியா. மாறியது. ஒரே வினைக்காக மாநாடே காத்துக்கிடந்த நாள் அது.

படி 8: இரண்டு பக்கத்துக்காரரும் கையெழுத்திடக்கூடிய ஒரு வாக்கியம் எழுதுங்கள்

படித்து முடித்தபின் நீங்களே எழுதிப்பார்த்தால்தான் கை பழகும். இதற்கு நான் கொடுக்கும் பயிற்சி சர்வதேச ஒப்பந்தம் அல்ல, ஆனால் அதே எலும்புக்கூடு. நம் பாலாறு.

வாணியம்பாடி அருகே புல்லூர்ப் பக்கம் ஆந்திரத்தின் தடுப்பணையைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "1892 ஒப்பந்தத்தை மீறி ஆந்திரம் அணை கட்டியது." முதலில் "மீறி" என்பதை வட்டமிடுங்கள். மூலத்தைத் திறங்கள். அது மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் செய்தது. அட்டவணையில் பாலாறு பெயரோடு இருக்கிறது. சென்னை அரசின் முன் இசைவு இல்லாமல் மைசூர் புதிய பாசன நீர்த்தேக்கம் கட்டக் கூடாது என்று இருக்கிறது. ஏற்கெனவே அனுபவித்துவரும் உரிமையைக் காப்பதற்காக அன்றி, சென்னை அந்த இசைவை மறுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியை நம் பக்கத்துக் கட்டுரைகளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது எழுவாய். 1892இல் ஆந்திர மாநிலம் இல்லை. இன்றைய சித்தூர்ப் பகுதி அப்போது சென்னை மாகாணத்துக்குள்தான் இருந்தது. அப்படியானால் கையெழுத்திடாத ஒரு மாநிலம் மீற முடியுமா, அல்லது வாரிசாக வந்ததால் கட்டுப்படுமா? தமிழ்நாடு கட்டுப்படுத்தும் என்கிறது, 2006இல் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. கட்டியதை ஒரு பக்கம் "நீரைத் தடுத்தது" என்றும் மறுபக்கம் "நீரைச் சேமித்தது" என்றும் சொல்வார்கள்.

ஞாயிறு வகுப்பில் குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு பெண் எழுதியது இது: "1892ஆம் ஆண்டு மைசூர்–சென்னை ஒப்பந்தம் தன்னையும் காக்கிறது என்று கூறும் தமிழ்நாடு, ஆந்திரம் தன் இசைவைப் பெறாமல் பாலாற்றில் தடுப்பணையை உயர்த்தியதாகக் குற்றம்சாட்டுகிறது." பக்கத்தில் இருந்த பையன் உடனே, "ஆந்திரம் என்ன சொல்லுதுன்னு வரலையேக்கா" என்றான். அவள் இரண்டாவது வாக்கியம் ஒன்று சேர்த்தாள். ஆந்திரத்தின் குப்பம் ஊரில் இருக்கும் ஒருவரும் வாணியம்பாடியில் இருக்கும் ஒருவரும் படித்துவிட்டு, இதில் பொய் இல்லை என்று சொல்வார்களா என்று பார்த்தோம். "உயர்த்தியதாக" என்பதற்கு உயரத்தை அளந்த ஆவணம் வேண்டும் என்று இன்னொருவர் கேட்டார். அடுத்த வாரம் அதைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.